யாருமில்லாத தண்ணீர்

ஹோபார்ட்
9 ஆகஸ்ட் 1992

அன்புள்ள கிளைவ்,

நான் நல்லாத்தான் இருக்கேன். நீயும் நல்லா இருப்பேன்னு நெனச்சுக்கறேன். ஏழு மாசமா ஒரு வரி எழுதாதவன் நல்லா இல்லாம என்ன?

எனக்கு ஒரு கேமரா வேணும். தண்ணி புகாதது. படகுல ஒரு கையால சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால எடுக்கணும். அலை மேல வந்து அடிச்சாலும் சாகக்கூடாது. மெல்போர்ன்ல கேமராக் கடையில இருபது வருஷமா நிக்கிறியே, உன்னைக் கேட்காம வேற யாரைக் கேட்கறது?

எதுக்குன்னு கேட்பே. சொல்றேன். ஜனவரிப் பந்தயத்துல மிதவைகிட்ட ஹெக்டர் என் மேல வந்து மோதினானே, அந்த விசாரணையில நான் தோத்துட்டேன். உனக்குத் தெரிஞ்சிருக்காது. லீவுக்கு வந்த நீதான் விசாரணைக்கு முன்னாடியே மூட்டையைக் கட்டிட்டு மெல்போர்ன் கப்பல் ஏறிட்டியே. இன்னொரு தடவை தோத்தா சீசன் முடியற வரைக்கும் சுக்கானைத் தொடக்கூடாதுன்னு கிளப்ல சொல்லிட்டாங்க. அப்பாவோட படகு, அம்மா பேரு வச்ச படகு, நான் முப்பது வருஷமா ஓட்டற படகு. ‘மார்ஜரி’யில நான் மூட்டை மாதிரி உட்கார்ந்து வரணுமாம்.

அக்டோபர்ல சீசன் ஆரம்பம். அதுக்குள்ள அனுப்பு.

உன் அக்கா,
லோர்னா


மெல்போர்ன்
21 ஆகஸ்ட் 1992

அன்புள்ள அக்கா,

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. முதுகுவலி பரவாயில்லை. உனக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

கேமரா விஷயம். தண்ணீர் தெறித்தால் தாங்குவது வேறு, தண்ணீருக்குள் விழுந்தால் தாங்குவது வேறு. முதல் வகை மழைக்குப் போதும், படகுக்குப் போதாது. உனக்கு இரண்டாவது வகைதான். லென்ஸ் வெளியே நீண்டு வராமல் உள்ளேயே இருக்க வேண்டும். நீள்கிற ஒவ்வொரு இடமும் உப்புத்தண்ணீருக்குத் திறந்த வாசல். பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும், கையுறை போட்ட விரலுக்குத் தட்டுப்பட. பார்க்கிற ஜன்னலும் பெரிதாக இருக்கட்டும். படகு ஆடும்போது சின்ன ஓட்டையில் கண்ணை வைத்துத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நிறம்: கறுப்பா, ஆரஞ்சா? கறுப்பு பார்க்க அழகு. ஆரஞ்சு தண்ணீரில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். யோசித்துச் சொல்.

தம்பி,
கிளைவ்


ஹோபார்ட்
28 ஆகஸ்ட் 1992

கிளைவ்,

ஆரஞ்சு. இதுக்கு என்ன யோசனை வேண்டிக்கிடக்கு?

மூட்டுவலியைப் பத்தி விசாரிக்கறே. ஹெக்டரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல! விசாரணையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல! உன் கடுதாசியை ரெண்டு தடவை திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்துல ஏதாவது எழுதியிருக்கியான்னு.

அன்னிக்கு என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தே. என் பொண்ணு ரீட்டா முன்னாடி பாய்க்கு அடியில குனிஞ்சிருந்தா, பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது. பின்னாடி பார்த்தவன் நீ ஒருத்தன்தான். நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்ல. மிதவையை இடப்பக்கம் வச்சுத் திரும்பினேன். எங்கிருந்தோ வந்து டமால்னு உள்ளே சொருகினான். அவன் படகுப் பலகை பிளந்தது, அவன் மச்சான் மணிக்கட்டு உடைஞ்சுது. கடைசியில பழி என் மேல! ஹெக்டர் முதல்லயே எனக்கும் மிதவைக்கும் நடுவுல உள்பக்கம் ஒட்டி வந்துட்டானாம், நான் இடம் விட்டிருக்கணுமாம். மேசை மேல பொம்மைப் படகை வச்சு நகர்த்தி நகர்த்திக் காட்டினான். அவன் ஆளுங்க நாலு பேரும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டினாங்க. என் பக்கம் தலையாட்ட யாரு இருந்தா? வாயிருந்த தம்பி ஓடிப் போயிட்டான். அதான் கேமரா கேட்கறேன். அதுக்காவது கண்ணுல பட்டதைச் சொல்லத் தெரியும்.

ஏன் போனே? நேரா கேட்கறேன், நேரா பதில் சொல்லு.

லோர்னா


மெல்போர்ன்
20 செப்டம்பர் 1992

அன்புள்ள அக்கா,

நலம்தானே? வேலை அதிகம், தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

இத்துடன் கேமரா. ஆரஞ்சு. கடைத் தொட்டியில் ஒரு மணி நேரம் முக்கி வைத்தேன், ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பின்கதவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதில் ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் புகுந்துவிடும். மூடும் முன் விரலால் தடவிப் பார். ஈரக்கையோடு திறக்காதே. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசு. வெளிக்கண்ணாடியில் துளி நின்றால் நாக்கால் ஒரு தடவு தடவு, துளி பரவிவிடும். துணியால் தேய்த்தால் உப்பு கீறும். வேகமான பிலிம் வைத்திருக்கிறேன். சுருளை எனக்கே அனுப்பு, நானே கழுவித் தருகிறேன்.

முதலில் ஒரு சுருளை வீட்டில் எடுத்துப் பழகிக்கொள்.

கிளைவ்


ஹோபார்ட்
11 அக்டோபர் 1992

கிளைவ்,

பெட்டி வந்தது. பதில் வரல. ரப்பர் வளையத்துக்கு ஒரு பாரா, கூடப்பிறந்தவளுக்கு ஒரு வரி கிடையாது.

குளியல் தொட்டியில போட்டுப் பார்த்தேன். ரீட்டா சிரிச்சா, “ஏம்மா, கேமராவுக்குக் குளிப்பாட்டு விழாவா?”ன்னா. சுருள் முழுக்க எடுத்துட்டேன். ரீட்டா, பூனை, துணிக்கொடி, கரையில நிக்கிற படகு. ஜன்னல் பெருசா வசதியாத்தான் இருக்கு. அப்பா துப்பாக்கி பிடிப்பாரே இடது கண்ணுல, அப்படித்தான் நானும்.

இந்த வாரமே சரியில்ல. வண்டியை வெளியே எடுக்கறப்போ இடது கதவை வாசல்தூண்ல தேச்சுட்டேன், இந்த வருஷத்துல மூணாவது தடவை. தூணை வச்சவன் கையை உடைக்கணும். நேத்து டீ பாத்திரத்தைத் தட்டி விட்டேன். கண்ட இடத்துல வைக்கறா ரீட்டா. எல்லாருக்கும் என் மேல என்ன கோபமோ!

சுருள் இத்தோட இருக்கு. கழுவி அனுப்பு. கூடவே பதிலும்.

லோர்னா


மெல்போர்ன்
24 அக்டோபர் 1992

அன்புள்ள அக்கா,

உடம்பைப் பார்த்துக்கொள்.

படங்கள் தெளிவாக விழுந்திருக்கின்றன. ஆனால் எப்படிப் பிடித்தாய்? பூனை வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரீட்டாவும் வலது ஓரம், படகும் வலது ஓரம். இடது பாதி முழுக்கக் குப்பைத்தொட்டி, ஏணி, உன் கட்டைவிரல். முப்பத்தாறு படமும் இப்படித்தான். எதைக் காட்ட வேண்டுமோ அதை நடுவில் வைக்க வேண்டும். பத்து வயதுக் குழந்தைக்குக் கூடத் தெரிகிற விஷயம் இது. ஆதாரத்துக்காக எடுக்கப்போகிறவள் முதலில் நேராகப் பார்க்கப் பழக வேண்டும்.

கிளைவ்


ஹோபார்ட்
1 நவம்பர் 1992

கிளைவ்,

பத்து வயசுக் குழந்தையா நான்? உனக்கு மூக்கு ஒழுகினப்போ துடைச்சு விட்டவ!

நான் நடுவுலதான் வச்சேன். ஜன்னல்ல பூனை நட்டநடுவுல இருந்துது. குப்பைத்தொட்டியும் ஏணியும் அங்கே இல்லவே இல்ல. ஜன்னல் ஒரு பக்கம் பார்க்குது, லென்ஸ் ஒரு பக்கம் பார்க்குது, அதான் கதை. விக்காத சரக்கை அக்கா தலையில கட்டியிருக்கே. இத்தோட திருப்பி அனுப்பியிருக்கேன். வேற அனுப்பு, இல்ல இதைச் சரி பண்ணு. இருபத்தொண்ணாம் தேதி பந்தயம், ஹெக்டரும் இருக்கான். அதுக்குள்ள கைக்கு வரணும்.

“நேராகப் பார்க்கப் பழக வேண்டும்.” அதுல என்னவோ குத்தல் இருக்கு, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே. குத்தறதா இருந்தா முன்னாடி நின்னு குத்து.

லோர்னா


மெல்போர்ன்
10 நவம்பர் 1992

அக்கா,

நலமென்று நம்புகிறேன்.

உன் கேமராவில் ஒரு சுருள் முழுக்க நானே கடற்கரையில் எடுத்துப் பார்த்தேன். ஜன்னலில் பார்த்தது பார்த்தபடி படத்தில் விழுகிறது. கடையில் வேறு இரண்டு பேரிடமும் கொடுத்தேன். அவர்களுக்கும் அப்படியே. குறை கேமராவில் இல்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நம் அப்பா மிதவையைப் பாய்த்துணி உரசினால்கூட, யாரும் பார்க்காவிட்டாலும், தண்டனையாகத் தானே இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் பந்தயத்தைத் தொடருவார். தண்ணீரில் நடுவர் கிடையாது, தப்பு செய்தவன் தானே ஒத்துக்கொள்வதுதான் இந்த விளையாட்டு என்பார். உனக்கு நினைவிருக்கும்.

கிளைவ்


ஹோபார்ட்
23 நவம்பர் 1992

கிளைவ்,

அப்பாவை எதுக்கு இழுத்தேன்னு அப்புறமா கேட்கறேன். இப்ப கேளு.

சனிக்கிழமை மறுபடியும் அதே மிதவை, அதே ஹெக்டர். நல்ல காத்து. நானும் ரீட்டாவும் மட்டும்தான். அவ முன்பாயோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தா. ஹெக்டர் கத்தறது கேட்டுது. அவன் எப்பவும் கத்துவான், ரொட்டிக்கடையில ரொட்டி கேட்கறப்பவும் அப்படித்தான் கத்துவான். ஆனா நான் இந்தத் தடவை ஏமாறல. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். தண்ணியைத் தவிர ஒண்ணும் இல்ல. முழங்கையால சுக்கானை இடுக்கிக்கிட்டு, கண்ணுல கேமராவை வச்சு அந்த வெறும் தண்ணியைப் படம் எடுத்தேன். பாரு, யாருமே இல்லன்னு காட்டறதுக்கு! எடுத்துட்டு மிதவையைச் சுத்தித் திரும்பினேன். மோதிட்டான். இந்தத் தடவை நம்ம பலகைதான் போச்சு, கை நுழையற அளவுக்கு ஓட்டை.

ரெண்டு பேருமே புகார்னு சிவப்புக் கொடி ஏத்தினோம். டிசம்பர் பன்னிரண்டு விசாரணை. அவனும் அவன் பொம்மைப் படகும் வரட்டும். என் கையில படம் இருக்கும். தோத்தா சுக்கான் போச்சு, தெரியும்ல? எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு.

சுருளைத் தனித் தபால்ல அனுப்பியிருக்கேன். உடனே கழுவு. பெருசா ஒண்ணு போடு, மேசையில எல்லாருக்கும் தெரியற மாதிரி.

லோர்னா


ஹோபார்ட்
4 டிசம்பர் 1992

கிளைவ்,

பத்து நாளாச்சு. சுகமா இருக்கியா செத்தியான்னு கூடத் தெரியல. கடைக்குப் போன் போட்டா “அவர் உள்ளே இருட்டறையில இருக்கார்”ங்கறான். மூணு தடவையும் அதையே சொல்றான். இருட்டறையில குடியே இருக்கியா?

இன்னும் எட்டு நாள்தான். ஜனவரியில கழுத்தறுத்தது பத்தாதா? படத்தை அனுப்புடா!

லோர்னா


மெல்போர்ன்
6 டிசம்பர் 1992

அன்புள்ள அக்கா,

இதை உட்கார்ந்து படி. ரீட்டா பக்கத்தில் இருந்தால் நல்லது.

படம் இத்துடன் இருக்கிறது. நீ எடுத்த வெறும் தண்ணீர் வலது பாதியில் இருக்கிறது. இடது பாதி முழுக்க ஹெக்டரின் படகு. முகப்பு உன் படகின் பின்பகுதியை எப்போதோ தாண்டிவிட்டது, நீ இடம் விட்டிருக்க வேண்டும். அவன் மச்சான் வாயில் இரண்டு கையையும் குவித்துக் கத்துகிறான். அவன் சட்டைப் பொத்தானை எண்ணலாம், அவ்வளவு பக்கம்.

பத்து நாள் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். உப்புத்தண்ணீர் புகுந்து சுருள் கெட்டுவிட்டது என்று எழுதிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஜனவரியில் ஏன் போனேன் என்று கேட்டாய். அன்றைக்கும் இப்படித்தான். ஹெக்டர் படகு நம் இடப்பக்கத்தில், பத்தடியில். நீ அந்தப் பக்கம் திரும்பினாய். பார்த்தாய். “யாரும் இல்ல” என்றாய். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்பாவின் படகில் உட்கார்ந்துகொண்டு, கண்ணெதிரே நிற்கிறவனை இல்லை என்கிறாளே, ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் போகிறாளே என்று. விசாரணைக்கு வந்தால் உனக்கு எதிராகத்தான் சொல்ல வேண்டியிருந்திருக்கும். பொய் சொல்லவும் முடியாது, உன்னைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது. கப்பல் ஏறிவிட்டேன். ஆமாம், பதினொரு மாதமாக உன்னைப் பொய்க்காரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எழுதியதெல்லாம் அந்தக் கோபத்தோடு எழுதியதுதான்.

ஆனால் இல்லை என்று சாதிக்கிற படகை யாராவது தானே படம் எடுத்து அனுப்புவார்களா? இதைக் கழுவி எடுத்த அன்று உன் பழைய சுருளை மறுபடி வெளியே எடுத்தேன். பூனை. ஏணி. கட்டைவிரல். வாசல்தூண். டீ பாத்திரம். அக்கா, உனக்கு இடப்பக்கம் தெரியவில்லை. கேமராவுக்கு ஒன்றுமில்லை. உன் கண்ணைக் காட்டு. விசாரணைக்கு முன்னாலேயே காட்டு.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

உன் தம்பி,
கிளைவ்


ஹோபார்ட்
14 டிசம்பர் 1992

கிளைவ்,

உன் கடுதாசியை அடுப்புல போட்டேன். ரீட்டா கரண்டியால வெளியே எடுத்தா. படத்தைப் பார்த்துட்டு வண்டிச் சாவியை என் கையிலிருந்து பிடுங்கிக்கிட்டா. மறுநாளே கண் டாக்டர்.

ஒரு கிண்ணத்துக்குள்ள மூஞ்சியை வைக்கச் சொன்னார். வெளிச்சப் புள்ளி வரும், தெரிஞ்சா பொத்தானை அழுத்துங்கன்னார். அழுத்தினேன். கொஞ்ச நேரம் கழிச்சு நானே சொன்னேன், “என்ன டாக்டர், எல்லாப் புள்ளியும் வலது பக்கமே வருது, மெஷின் பழுதா?”ன்னு. அந்த ஆளு உன்னை மாதிரியே வாயை மூடிக்கிட்டார். ரீட்டாதான் அழுதா.

கண்ணுக்குள்ள அழுத்தமாம். வலியே இருக்காதாம். இடது கண்ணு முக்கால்வாசி போயாச்சு, வலதுலயும் இடப்பக்கம் மங்கிடுச்சாம், போனது வராது. மிச்சத்தைக் காப்பாத்த தினம் ரெண்டு வேளை சொட்டு மருந்து. இல்லாத இடத்தை மூளையே எதையாவது போட்டு நிரப்பிக்குமாம். எனக்குத் தண்ணியைப் போட்டு நிரப்பியிருக்கு.

சனிக்கிழமை விசாரணைக்குப் போனேன். ஹெக்டர் பொம்மைப் படகைப் பையிலேர்ந்து எடுக்கறதுக்குள்ள படத்தை மேசையில போட்டேன். “இந்தா, நான் எடுத்தது. நான்தான் தப்பு. ஜனவரியிலயும் நான்தான்”னேன். அவன் எடுத்துப் பார்த்தான். “லோர்னா, இது உனக்குத் தெரியலையா?”ன்னு கேட்டான். முதல் தடவையா அந்த மனுஷன் மெதுவா பேசினான். “நீ கத்தினது நிஜந்தான், ஆனா ரொட்டிக்கடையிலயும் அப்படித்தானே கத்தறே, எனக்கு என்ன வித்தியாசம் தெரியும்?”னேன். சுக்கானை நானே ரீட்டாகிட்ட கொடுத்துட்டேன். அவங்க பிடுங்கறதுக்குள்ள. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

இப்ப உன் முறை. நீ என்னைப் பொய்க்காரின்னு நெனச்சியே, அதைக்கூட விட்டுடறேன். ஆனா நெனச்சதை ஏண்டா சொல்லல? அன்னிக்கே படகுல மூஞ்சிக்கு நேரா “பொய் சொல்றியே, இதோ நிக்கிறானே!”ன்னு ஒரு கத்து கத்தியிருந்தா, நான் உன்னைத் தண்ணியில தள்ளியிருப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் சண்டை போட்டு, ராத்திரிக்குள்ள விஷயம் வெளியே வந்திருக்கும். டாக்டரைக் கேட்டேன், ஜனவரியிலேயே வந்திருந்தா என்னாகியிருக்கும்னு. போனதுல பாதி மிஞ்சியிருக்கும்னார். உன்னை நோகடிக்கத்தான் இதை எழுதறேன். நோகட்டும். எனக்கு நோகுது.

கேமராவைத் திருப்பி அனுப்பிட்டேன். நல்ல தண்ணியில அலசி, காயவச்சு, ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்த்துத்தான் மூடினேன். அது பார்த்ததை ஒரு நொடியில சொல்லிடுச்சு. நீ பதினொரு மாசம் எடுத்துக்கிட்டே.

இருபத்தாறாம் தேதி பந்தயம். ரீட்டா சுக்கான், நான் முன்பாய். கப்பல் ஏறத் தெரிஞ்சவன்தானே, ஏறி வா. என் இடப்பக்கம் உட்காரு. எது வந்தாலும் கத்து, ஹெக்டரை விடச் சத்தமா.

அக்கா,
லோர்னா